மருந்தடித்த பச்சை

சென்னையிலிருந்து ஓர் ஓவிய நண்பர் வந்திருந்தார். ஓவியர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'விஷுவல் ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்ல வேண்டும். தாவரங்களும் மாசும் என்ற விஷயத்தை வைத்து ஓர் எக்ஸிபிஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். "உங்க ஊர்ப் பக்கம் பொல்யூஷன் எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். மதுரையில் இறங்கி, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எப்படிப் போகணும் என்று கேட்கிற மாதிரி.

எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கேரளத்தோடு ஒட்டிக்கொண்ட மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலையும் வருசநாடும், நடுவில் முல்லைப் பெரியாறு. தேனியில் பஸ் ஏறி, சீலையம்பட்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெற்கே போனால் நெல்லு, வாழை, தென்னை, திராட்சை என்று ஜன்னலை விட்டுக் கண் நகராது. மடியில் கேமராவை வைத்துக்கொண்டு நண்பரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். கம்பம் வந்துவிட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"என்னங்க இது, எல்லாம் பச்சையா இருக்கே!" என்றார். குரலில் நிஜமான ஏமாற்றம்.

அவர் தேடி வந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. நுரை பொங்கும் ஆறு, செத்து மிதக்கும் மீன், பிளாஸ்டிக் குவியல், அதன் நடுவே பிடிவாதமாக முளைத்திருக்கும் ஒற்றைச் செடி. இந்த மாதிரிக் கண்காட்சிகளுக்குப் போயிருந்தால் அந்த ஒற்றைச் செடியை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். குப்பைக்கு நடுவே அது நிற்கும். கீழே தலைப்பு, 'நம்பிக்கை' என்றோ 'உயிர்ப்பு' என்றோ இருக்கும். ஒரு நிமிடம் நின்று, மனசுக்குள் 'த்சோ' சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம்.

நண்பரைச் சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கிற சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். உள்ளே நுழைந்தால் வெயிலே பச்சையாகத்தான் விழும். குனிந்து நுழைந்த நண்பர் அண்ணாந்து பார்த்தார். இலை முழுக்க வெளிர்நீலப் புள்ளிகள், திட்டுகள், வழிந்து காய்ந்த கோடுகள்.

"யாருங்க இலைக்குப் பெயிண்ட் அடிச்சது?"

சித்தப்பா சிரித்தார். "பெயிண்ட் இல்ல தம்பி. மருந்து."

* * *

இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். பூச்சியைக் கொல்வதற்கு அடிக்கிற நஞ்சுக்கு, நோயாளிக்குக் கொடுக்கிற அதே பெயரைத்தான் நாம் வைத்திருக்கிறோம். 'மருந்தடிச்சாச்சா?' என்று எங்கள் ஊரில் விசாரிப்பது, 'சாப்பிட்டாச்சா?' மாதிரி ஒரு சாதாரண விசாரிப்பு. 'அவன் மருந்து குடிச்சிட்டான்' என்று சொன்னால் மட்டும் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். அப்போது மட்டும் அந்த வார்த்தையின் உண்மையான அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்த நீலம் போர்டோ கலவை. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், பாதையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் திராட்சை திருடாமல் இருக்க, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்துவைத்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் அந்த வழியாகப் போனார். உள்ளே இருக்கிற கொடிகளெல்லாம் அடிச்சாம்பல் நோயில் காய்ந்து கிடக்க, பாதையோரக் கொடிகள் மட்டும் செழிப்பாக நின்றன. 1885-ல் அவர் முறையை வெளியிட்டார். திருடனுக்காகப் பூசிய சாயம் உலகத்துக்கே மருந்தானது. இயற்கை விவசாயத்தில்கூட இதை அளவோடு அனுமதிக்கிறார்கள். மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இது சாதுதான். ஆனால் செம்பு மக்கிப்போகாது. வருஷம் தவறாமல் அடித்தால் மண்ணிலேயே தங்கிச் சேரும்.

சாயத்துக்கும் நஞ்சுக்கும் உள்ள சொந்தம் இதோடு முடியவில்லை. 1814-ல் ஜெர்மனியில் ஒரு பச்சைச் சாயம் தயாரித்தார்கள். எமரால்டு கிரீன் என்று பெயர். அதுவரை ஓவியர்களுக்குக் கிடைக்காத, மழைக்கு மறுநாள் வயலில் தெரியுமே, அப்படியொரு பளிச்சென்ற பச்சை. செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. ஆர்சனிக் என்றால் பாஷாணம். வான்கோ அதைக் குழைத்துப் பூசினார், செசான் பூசினார். அதே பொடியை 1860-களின் கடைசியில் அமெரிக்க விவசாயிகள் உருளைக்கிழங்கு வண்டுக்குத் தூவ ஆரம்பித்தார்கள். அங்கே அதற்குப் பெயர் பாரிஸ் கிரீன். பெரிய அளவில் பயன்பட்ட முதல் ரசாயனப் பூச்சிக்கொல்லிகளில் ஒன்று. செடியின் அழகைக் காட்டிய பச்சையும் செடியைக் காப்பாற்ற அடித்த நஞ்சும் ஒரே டப்பாவிலிருந்துதான் வந்தன.

பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு இதை நண்பரிடம் சொன்னேன். முதல்முறையாகக் கேமராவை எடுத்தார்.

* * *

இப்போது நான் சொல்லவந்த விஷயம். மாசு என்றால் அசிங்கமாக இருக்கும் என்று நம் கண்ணுக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். டெல்லியில் யமுனை நுரைத்துக்கொண்டு ஓடுகிறதா, கேமராவை நீட்டினால் போதும், படம் பேசிவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. இங்கே மருந்தடிக்காத செடிதான் ஓட்டை விழுந்து, சுருண்டு, நோஞ்சானாக நிற்கும். மருந்தடித்த செடி ஜம்மென்று இருக்கும். மாசு இங்கே அழகாக இருக்கிறது! இந்த அழகை ஒரு கலைஞர் என்ன செய்வார்? செடியையும் மாசையும் பற்றிய கலை எதுவாக இருந்தாலும், அதை எடைபோட நான் வைத்திருக்கிற கேள்வி இது ஒன்றுதான். குப்பையைக் காட்டி என்னைப் பயமுறுத்துவது எளிது. பச்சையைக் காட்டிச் சந்தேகப்பட வைக்க முடியுமா?

முடிந்திருக்கிறது. மூன்று பேரைச் சொல்கிறேன்.

ரவி அகர்வால் டெல்லிக்காரர். புகைப்படக் கலைஞர், சுற்றுச்சூழல் போராளியும்கூட. 2007-ல் யமுனையைப் பற்றி ஒரு வேலை தொடங்கினார். நுரையைக் காட்டியிருக்கலாம், ஏற்கெனவே ஊர் உலகம் பார்த்ததுதான். அவர் கரையில் இருந்த செண்டுமல்லித் தோட்டங்களுக்குப் போனார். ஆற்றங்கரை மண்ணில் விளையும் பூ, சந்தைக்குப் போகிறது, மாலையாகிறது, சாமிக்கு ஏறுகிறது, கடைசியில் பக்தியோடு அதே ஆற்றில் வந்து விழுகிறது. அந்தச் சுற்றைப் படங்களாக எடுத்தார். ஆற்றில் பூக்களைப் பார்த்தீர்களா என்பதுதான் தலைப்பே. பூவைப் படம் எடுத்தே ஆற்றை நினைக்க வைத்தார். அந்தக் கரையில் பயிர்செய்து பிழைக்கிற மனிதர்களும் படத்தில் இருந்தார்கள். நகரம் ஆற்றங்கரையை 'அழகுபடுத்த' நினைக்கும்போதெல்லாம் முதலில் காலிசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சீலையம்பட்டிப் பூ மார்க்கெட் ஞாபகம் வந்தது. அங்கே நின்று பாருங்கள். மூட்டை மூட்டையாகச் செண்டுப்பூ, மல்லி, சம்பங்கி. பூ மொட்டாக இருக்கும்போது எத்தனை தடவை மருந்து அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிடுகிற பொருள் இல்லையே! தலையில் வைத்துக்கொள்கிறோம், முகர்ந்து பார்க்கிறோம், சாமிக்குச் சாத்துகிறோம். அவ்வளவுதானே?

இரண்டாமவர் அமெரிக்காவில் மெல் சின். 1991-ல் மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால் நகரத்தில் ஒரு குப்பைக்கிடங்கில் வேலி போட்டார். சதுர வேலிக்குள் ஒரு வட்டம். வட்டத்துக்குள் செடிகள். அழகுக்காக வைத்தவை இல்லை. மண்ணில் இருக்கிற காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களை வேரால் உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும் செடிகள். அதில் கெட்டிக்காரச் செடி ஒன்று நம் கடுகுக்கு உறவு. ரூஃபஸ் சேனி என்ற அரசு விஞ்ஞானியோடு கூட்டுச் சேர்ந்து செய்த சோதனை இது. சிற்பி கல்லிலிருந்து வேண்டாததைச் செதுக்கி எடுக்கிற மாதிரி, செடிகள் மண்ணிலிருந்து நஞ்சைச் செதுக்கி எடுக்கின்றன, ஆகவே இதுவும் சிற்பம்தான் என்றார் மெல் சின். அமெரிக்க அரசின் கலை நிதி அமைப்பின் தலைவர், இது என்ன கலை என்று முதலில் பணத்தை நிறுத்திவிட்டார். கலைஞர் நேரில் போய் வாதாடி அதை வாங்கினார்.

எனக்கு இதில் பிடித்தது, இந்தச் செடிகள் எதற்கும் குறியீடாக நிற்கவில்லை. நம்பிக்கையின் சின்னம், இயற்கையின் கண்ணீர் என்றெல்லாம் யாரும் அவற்றின் தலையில் சுமை ஏற்றவில்லை. அவை பாட்டுக்கு வேலை பார்த்தன. பிடிக்காத ஒன்றும் உண்டு. வேலை முடிந்த செடிக்குள் நஞ்சு நிறைந்திருக்கும். அதை அறுத்து, எரித்து, சாம்பலைப் பத்திரப்படுத்த வேண்டும். யார் அறுக்கிறார்கள், என்ன கையுறை போட்டுக்கொண்டு என்று ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கத் தோன்றும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு வட்டமும் சதுரமும்தான் தெரியும்.

மூன்றாமவர் அமர் கன்வர். இவருடைய வேலையைப் பார்க்க நாங்கள் மலையைத் தாண்டினால் போதும். குமுளி ஏறி இறங்கினால் ஒரு பகல் பயணத்தில் கொச்சி. 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய முதல் கொச்சி-முசிறிஸ் பினாலேவில், மிளகும் இஞ்சியும் ஏற்றுமதி செய்த பழைய ஆஸ்பின்வால் வளாகத்தில் அது இருந்தது. 'தி சாவரின் ஃபாரஸ்ட்' என்று பெயர். அதே வருஷம் ஜெர்மனியின் டாக்குமெண்டாவிலும் வைத்திருந்தார்கள். ஓர் அறையில் ஒடிசாவின் பாரம்பரிய நெல் விதைகள், 250-க்கும் மேற்பட்ட ரகங்கள், தனித்தனியாக, சுவர் நெடுக. இன்னொரு பக்கம் 42 நிமிடப் படம்.

படத்தில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை! புல் அசைகிறது. தண்ணீர் ஓடுகிறது. மரம் நிற்கிறது. யாரோ சைக்கிளில் போகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி நாமும் பொறுமையாகப் பார்க்கிறோம். அழகு என்றால் அப்படியொரு அழகு. பிறகுதான் உறைக்கிறது. அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியும், ஆலைக்கும் சுரங்கத்துக்குமாகக் கையகப்படுத்தக் குறிக்கப்பட்ட நிலத்தில் எடுத்தது. படத்தின் பெயர் 'தி சீன் ஆஃப் கிரைம்'. குற்றம் நடந்த இடம்! ரத்தம் இல்லை, கத்தி இல்லை, பிணம் இல்லை. பச்சை மட்டும்தான் இருக்கிறது.

நாம் கேட்ட கேள்விக்கு நான் பார்த்த பதில்களில் இதுதான் ஆகச் சிறந்தது. அழகை அவர் கெடுக்கவில்லை. அதற்கு ஒரு பெயர் மட்டும் வைத்தார். பார்க்கிறவன் கண் மாறிவிட்டது. ஊருக்குத் திரும்பும்போது குமுளி இறக்கத்தில் பஸ் வளைந்து, கீழே பள்ளத்தாக்கு மொத்தமும் பச்சைக் கம்பளமாக விரிந்தபோது, எத்தனையோ தடவை பார்த்த அந்தக் காட்சியை நான் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

* * *

சரி, டெல்லி, அமெரிக்கா, ஒடிசா எல்லாம் இருக்கட்டும். நம் வீட்டுக் கதை என்ன?

பச்சையை ரசிக்கத் தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாரதிராஜா அல்லிநகரம். இளையராஜா பண்ணைப்புரம். வைரமுத்து வடுகபட்டி. வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு என்றாலே நம் காதில் புல்லாங்குழல் கேட்கிறதென்றால் காரணம் இவர்கள்தான். அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது, அந்தப் பாட்டிலேயே வளர்ந்தவன். ஆனால் அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான படங்களில் அந்தப் பச்சை வெறும் பின்திரையாகிவிட்டது. முன்னால் நாலு பேர் ஆடினார்கள். பின்னால் இருந்த வயலில் யார் மருந்தடித்தார்கள் என்று யாருக்குக் கவலை?

2018-ல் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' வந்தது. இளையராஜாதான் இசை. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. மலை அதில் பின்திரை இல்லை. ஏலக்காய் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் எவ்வளவு மூச்சு வாங்கும் என்பதுதான் அதில் மலை. ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிற ரங்கசாமி, ஒருவழியாக வாங்கி, விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, கடைசியில் தன் நிலத்தில் நிற்கிற காற்றாலைக்கே காவல்காரனாக உட்காருகிறான். கேமரா மேலே போகப் போக அவன் புள்ளியாகிறான். காற்றாலை என்றால் சுத்தமான மின்சாரம், பசுமை எரிசக்தி. அந்தப் 'பசுமை'யின் காலடியில் ஒரு சம்சாரி காணாமல் போகிறான். கண்காட்சிக் கூடத்துக்கே போகாமல், டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவனிடம் அதைச் சொல்லிவிட்டார்கள். சுற்றுச்சூழல் பற்றிய படம் என்று போஸ்டரில் எங்கும் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது கொடைக்கானல். அது திண்டுக்கல் மாவட்டம்தான், ஆனாலும் எங்கள் தலைக்கு மேலே இருக்கிற மலை. அங்கிருந்து பாம்பாறு இறங்கிவந்துதான் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. மேலே பாம்பார் சோலையின் விளிம்பில் ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 2001-ல், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவுகள் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, மக்கள் போராடி, ஆலை மூடப்பட்டது. அந்தப் பாதரசம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, ஹைதராபாத்திலிருந்த அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் என்ன செய்தார்கள் தெரியுமா? பாசிகளையும் மரத்தில் படரும் லைக்கன்களையும் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். லைக்கன் என்றால் வேறொன்றும் இல்லை, கறிக்குழம்புக்குப் போடுகிறோமே கல்பாசி, அந்த இனம். காற்றில் வருவதையெல்லாம் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். அதில் பாதரசம் அதிகமாக இருந்ததை 2003-ல் வெளியிட்டார்கள். சாட்சி சொல்ல மனிதர்கள் தயங்கிய இடத்தில் பாசி சாட்சி சொன்னது.

கலை அங்கே பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. 2015 ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய 'கொடைக்கானல் வோண்ட்' ராப் பாடல் யூடியூபில் பற்றிக்கொண்டது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனம் இழப்பீடு கொடுக்க ஒப்பந்தம் ஆனது. பாட்டால் கிடைத்தது என்று சொன்னால் பதினைந்து வருஷம் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் அலைந்த தொழிலாளிகளுக்குத் துரோகம். ஆனால் அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை உலகம் திரும்பிக் கேட்டது பாட்டு வந்த பிறகு. மண்ணில் தங்கிய பாதரசம் பாக்கி இருந்ததால், 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து 'கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்' என்று இன்னொரு பாட்டு வந்தது.

இந்தப் பாட்டுகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். முதல் பாட்டு ஆங்கிலம். கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குக் கேட்க வேண்டும் என்றால் அந்த மொழிதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கும்பக்கரையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவருக்கு மேலே நடந்தது என்ன என்று சொல்ல இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கிறது. அதைக் கல்பாசியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

* * *

இவ்வளவு நல்ல வேலைகளிலும் அநேகமாக விட்டுப்போகிற ஒன்று, தெளிக்கிற கை.

விடியும் முன்னால் கம்பத்திலோ போடியிலோ தேவாரத்திலோ தெருமுனையில் நின்று பாருங்கள். ஜீப்பில் பெண்களை அடைத்துக்கொண்டு போவார்கள். தூக்குவாளி, தலைத்துண்டு, பழைய முழுக்கைச் சட்டை. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மலையேறி, இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். எங்கள் சித்தியும் பல வருஷம் போனவர்தான். ஏலக்காய், மருந்து அதிகம் குடிக்கிற பயிர். பாயசத்தில் நமக்கு மணப்பது ஏலம். சித்தி வீட்டுக்குள் நுழையும்போது சேலையிலிருந்து வருவது வேறு வாசனை. 'எட்ட நில்லு, குளிச்சிட்டு வாரேன்' என்று பிள்ளைகளைத் தள்ளிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுவார். எந்த ஓவியத்தில் இந்த வாசனை வந்திருக்கிறது?

அப்புறம், எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு ஒரு படம் தொங்குகிறது, யாரும் அதைப் பார்ப்பதில்லை. மருந்து டப்பாவில் ஒரு சாய்சதுரம் அச்சடித்திருப்பார்கள். மேல் பாதியில் எச்சரிக்கை, கீழ்ப் பாதியில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், கடும் நஞ்சு. நீலம், அதற்குக் கீழே. கடைசியில் பச்சை. இருப்பதில் லேசானது, ஆனாலும் அதற்கு மேலே எழுதியிருக்கும் வார்த்தை 'கவனம்'. ஒரு தேசமே உட்கார்ந்து வடிவமைத்த ஓவியம் இது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், "நீல மூடி மருந்து ரெண்டு மூடி, வெள்ளை மூடி ஒரு மூடி" என்றுதான் சொல்வார்கள். சித்தப்பாவுக்குக் கண் எரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர், "என்ன மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டார். சித்தப்பா மூடியின் நிறத்தைச் சொன்னார். பார்க்கத் தெரியாதவர் இல்லை. இலையைத் திருப்பிப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அவருக்குப் புரிகிற மாதிரி வரைய யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

திராட்சைப் பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும். அடித்ததில் ஒரு பங்கு இலைக்கு, மிச்சம் அடிக்கிறவர் மேல். மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கிய சித்தப்பாவின் மருந்தடிக்கிற சட்டையை நண்பர் பார்த்துவிட்டார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த முழுக்கைச் சட்டை. தோளில் அடர்நீலம், முதுகில் இறங்க இறங்க வெளிர்நீலம், கழுத்துப்பட்டையில் பச்சை ஏறிப்போன வியர்வைக் கறை. பத்து நிமிஷம் அதன் முன்னால் நின்றார். வந்ததிலிருந்து தேடியது கிடைத்துவிட்டது என்று முகத்தில் எழுதியிருந்தது.

"ஐயா, இந்தச் சட்டையை எனக்குத் தர முடியுமா? என்ன விலை சொன்னாலும்..."

சித்தப்பா திகைத்துவிட்டார். "எதுக்குத் தம்பி? இதக் குடுத்துட்டா நாளைக்கு எதப் போட்டுக்கிட்டு மருந்தடிக்க?"

கம்பம் கடைவீதியில் ஒரு புதுச் சட்டை எடுத்துக்கொடுத்துத்தான் பழையதை வாங்கிப் போனார் நண்பர். சென்னையில் கண்காட்சி நடந்தது. போனேன். வெள்ளைச் சுவர், மேலிருந்து ஒரு விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை. நன்றாகத்தான் இருந்தது. மற்ற அறைகளில் ஒற்றைச் செடிகளைப் பார்த்து 'த்சோ' சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இதன் முன்னால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு மனிதனின் முதுகு அங்கே நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மட்டில் நண்பர் ஜெயித்துவிட்டார் என்றுதான் சொல்வேன். ஒரே குறை, பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பில் சட்டைக்குச் சொந்தக்காரர் எங்கேயும் இல்லை. பொருள், அளவு, ஆண்டு, கலைஞர் பெயர் இருந்தது. பருத்தி, செம்பு, சுண்ணாம்பு என்று போட்டவர், அதை வருஷக்கணக்கில் வரைந்தவர் பெயரையும் போட்டிருக்கலாம். சொன்னேன். மறுநாளே சேர்த்துவிட்டார், நல்ல மனுஷன்.

ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். பந்தலுக்கு வெளியே டிரம்மில் கலவை கலக்கிக்கொண்டிருந்தார். புதுச் சட்டையின் தோள் அதற்குள் நீலமாகியிருந்தது. கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"கண்ணாடிக்குள்ள வச்சுருக்காக! கீழ என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கே, என்னப்பா அது?"

"யாரும் தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு சித்தப்பா."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.

"பரவால்லயே, அவுகளுக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி டிரம்மைக் கலக்க ஆரம்பித்தார்.